முதல் செய்திக்குக் கைதட்டினோம்

இன்று காலை புது ஸ்பீக்கர் சார்ஜ் ஏறாமல் கழுத்தறுத்ததால், பீரோவுக்குள் கிடந்த பழைய மைக்கை எடுத்தேன். வாயருகே கொண்டுபோனதும் கிராம்பு மணத்தது. எந்நேரமும் கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு பேசுவாயே, அந்த மணம் மைக்கின் பஞ்சு உறைக்குள் ஒரு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. எதிரே பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் காலை வணக்கம் சொல்ல வேண்டும். ஹெச்.எம். சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்.

நம் பள்ளிக்கூடத்தில் இந்த வருடத்துக் கொண்டாட்ட வாரம் இன்றைக்குத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. சொல்லாமல் லீவு போடுகிறவர்களை உனக்குப் பிடிக்காது. நீ என்ன செய்தாய்?

வாரம் முழுக்கப் பாடப்புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பது உன் ஏற்பாடு. மூன்றே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சார் தலையைச் சொறிந்தார். நானும்தான் சலித்துக்கொண்டேன். கீழப்பாவூரிலிருந்து பஸ் பிடித்துத் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து குற்றாலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இதில் களிமண் வேறு பிசைய வேண்டுமா? "நீ பிசைய வேண்டாம்ட்டி, பிசையுத பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இரு. அது போதும்" என்றாய்.

போன வருடம் அந்தத் திங்கட்கிழமை சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. வராந்தா முழுக்கக் களிமண். யானை செய்யத் தொடங்கியவன் தும்பிக்கை ஒட்டாததால் அதைப் பன்றி என்று அறிவித்தான். செவ்வாய்க்கிழமை கதை நாள். பேய்க்கதை தவிர வேறொன்றும் வேண்டாம் என்று ஒன்றாம் வகுப்பு ஒரே பிடியாக நின்றது. கதை முடிந்ததும் அதே ஒன்றாம் வகுப்பு தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்றது. புதன்கிழமை அடுப்பில்லாத சமையல். புளியங்குடியிலிருந்து லாரியில் எலுமிச்சம்பழம் ஏற்றிப் போகிற மாமா ஒருவர், மருமகன் கேட்டான் என்பதற்காகப் பள்ளிக்கூட வாசலில் ஒரு மூடையை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பிழிந்த கையோடு கண்ணைக் கசக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சத்துணவு அக்கா வந்து எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், எல்லாம் அழுதுகிட்டே ஜூஸ் குடிக்குது?" என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் கிராம்பு தெறித்து வெளியே வந்து விழுந்தது.

இது எல்லாவற்றையும்விட உனக்குப் பெரிதாக இருந்தது காலைக் கூட்டத்தின் செய்தி வாசிப்புதான். பேப்பரிலிருந்து பார்த்து எழுதி வருகிற செய்தி செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். தன் தெருவில், தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், நடுவில் சிரிக்கவோ அழவோ கூடாது. ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அந்த நிறுத்தத்தில் பள்ளிக்கூடமே கைதட்டும். பேச்சுத்தமிழைத் தவிர ஒன்றும் வாயில் வராத பிள்ளைகள் டி.வி.க்காரர்கள்போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்கள். ஐந்தருவியில் ஒரு குரங்கு சென்னையிலிருந்து வந்தவரின் கண்ணாடியைப் பறித்தது, கண்ணாடி இதுவரை திரும்பக் கிடைக்கவில்லை. கைதட்டல். பண்டாரம் கடையில் புதிதாக வாங்கிய தராசு முதல் நாளே பழுதானது. கைதட்டல். புதன்கிழமை ஒருவன் வந்து, "எங்கள் அப்பா நேற்று அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கினார்" என்று வாசித்ததும் சாருக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சர், வீட்டுச் சங்கதியெல்லாம் மைக்குக்கு வரணுமா? நாளைக்கு அவன் அப்பன் வந்து என் சட்டையப் பிடிப்பான்."

"நடந்ததத்தான சார் சொல்லுதான்? கண்ணால பாத்தத நிமிந்து நின்னு சொல்லட்டும். இப்பமே வாயப் பொத்திட்டா அப்புறம் எப்பம் பேசும் இதுக?" என்றாய் நீ. சார் நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட. ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நாம் பிரிந்தபோது நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "சேப்டி பின்னு கொண்டாட்டி, மறந்துராத" என்பது. மறுநாள் மாறுவேடம். இத்தனை வருடப் பழக்கத்துக்குக் கடைசி வார்த்தை சேப்டி பின். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்களோ என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சேப்டி பின்னோடுதான் வந்தேன். மைதானம் திருவிழாவாக இருந்தது. வால் கட்டிய குரங்கு ஒன்று, நாலு நர்ஸ்கள், நெல்மூட்டை சுமக்கிற விவசாயி, அப்பாவின் போலீஸ் தொப்பி மூக்குவரை இறங்கிய ஒரு இன்ஸ்பெக்டர். உன்னை மட்டும் காணோம். "ரெண்டு பஸ்ஸு மாறி நானே வந்துட்டேன், நடந்து வார மகராணிக்கு இன்னைக்கும் விடியல போல" என்று சாரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். கூட்டம் தொடங்கியது. வாழ்த்து, உறுதிமொழி, குறள். பிறகு செய்தி. அன்று உன் வகுப்பு இசக்கிப்பிரியாவின் முறை.

அவள் மட்டும் வேஷம் இல்லாமல் யூனிபார்மில் இருந்தாள். அம்மா ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்கப் போகிறவள், விடிந்ததும் ஆட்டோ ஏறிவிடுவாள், பிள்ளைக்கு வேஷம் கட்ட ஆளில்லை என்று, மயில் தோகை நான் தருகிறேன் என நீ சொல்லியிருந்தாய். உன் தெருப்பிள்ளைதானே. காலையில் அதை வாங்க உன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"வணக்கம். இன்றைய செய்திகள். வாசிப்பது மூன்றாம் வகுப்பு இசக்கிப்பிரியா. முதல் செய்தி. நம் மூன்றாம் வகுப்பு டீச்சர் இன்று காலையில் இறந்துவிட்டார். அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்."

நிறுத்தினாள். நீ சொல்லிக்கொடுத்த அந்த நிறுத்தம்.

பள்ளிக்கூடமே கைதட்டியது. குரங்கு தட்டியது, நர்ஸ்கள் தட்டினார்கள், இன்ஸ்பெக்டர் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினான். நானும் தட்டினேன். முன்வரிசையில் ஒருத்தியின் முந்தானைக்குச் சேப்டி பின் குத்திக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். நிறுத்தம் வந்ததும் கை தானாகத் தட்டிவிட்டது. அதன் பிறகுதான் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என் இரண்டு கையும் சேர்ந்தபடியே நிற்கின்றன, பிரிக்கத் தெரியவில்லை.

"இரண்டாம் செய்தி. ஐந்தருவியில்..." என்று அவள் தொடங்கியபோது சார் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "பிள்ளைகளே, அது தப்பான செய்தி. யாரோ தப்பாச் சொல்லிருக்காவ. எல்லாரும் வரிசையா கிளாஸுக்குப் போங்க, போங்க."

நான் பைக்கு ஓடினேன். சத்தம் குறைத்து வைத்திருந்த போனில் உன் வீட்டு நம்பராகவே இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன், உன் வீட்டுக்காரர் எடுத்தார். எப்போதும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி, அவ போயிட்டாம்மா. காப்பி போட்டுக் குடுத்தா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா. அவ்வளவுதான்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. காப்பியை அவர் குடித்தாரா என்று ஒரு யோசனை வந்தது. அதிர்ச்சியில் மனசு என்னவெல்லாம் கேட்கிறது, பார்.

வெளியே வந்தால், சார் அவளை வராந்தாத் தூணருகே நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, யாரு சொன்னா உனக்கு? மைக்குல பொய் சொல்லலாமா?" "நான் பாத்தேன் சார். ஆட்டோவுல கொண்டுபோயித் திரும்பக் கொண்டாந்துட்டாவ" என்றாள் ஒரு தடவை. பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

நான் சாரிடம் உண்மைதான் என்று தலையை ஆட்டினேன். புரிந்துகொண்டார். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "இப்பம் ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். வேஷமெல்லாம் கட்டிட்டு வந்திருக்கு பிள்ளைய. லீவுன்னு அனுப்பிருவோம். திங்கக்கிழம மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த நிமிடத்தில் யார் எது சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் பட்டிருக்கும்.

லீவு மணி அடித்தது. பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் திரும்பினேன். இசக்கி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், சார் தப்புன்னுட்டாவ. அப்பம் நான் பாத்தது தப்பா?"

அவள் வாசித்தது தப்பா என்று கேட்கவில்லை. பார்த்தது தப்பா என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சாரோடு சண்டைக்குப் போயிருப்பாய். உன் வாய் எனக்குக் கிடையாது. ஆனால் திங்கட்கிழமைவரை இந்தப் பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் திரிய வேண்டுமே என்று நினைத்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மைக்குக்குப் போனேன். "டீச்சர், வேண்டாம்" என்று சார் பின்னாலேயே வந்தார். வாசல்வரை போய்விட்ட பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டேன். நின்றார்கள்.

"இசக்கிப்பிரியா வாசிச்ச முதல் செய்தி உண்மை. டீச்சர் இறந்துபோயிட்டாங்க. அவ கண்ணால பாத்ததச் சொன்னா. ஒரு வார்த்தகூடத் தப்பில்ல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பம் ஏன் டீச்சர் நாம கைதட்டுனோம்?" என்று கேட்டான்.

"தெரியாமத் தட்டிட்டோம்லே" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னால், வாயைப் பொத்தாமல், நன்றாக அழுதேன். சார் இசக்கியின் உயரத்துக்குக் குனிந்து, "சார்தான்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். ஒரு தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இசக்கி மட்டும் அழவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் அழக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே.

இந்த ஒரு வருடத்தில் எல்லாம் அதனதன் பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. உன் இடத்துக்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி, நேரத்துக்கு வருகிறாள். இசக்கி நாலாம் வகுப்பு, இப்போது என் பிள்ளை. செய்தி வாசிப்பைச் சார் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, என் பொறுப்பில் விட்டுவிட்டார். இன்று காலை ஒரு பையன் தன் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டதாக வாசித்து நிறுத்தினான். ஒரு கைகூடத் தட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், தட்டலாமா என்று. ஆட்டுக்குட்டிக்குத் தாராளமாகத் தட்டலாம்தான். அதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் தேறிவிட்டேன் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தக் கைதட்டல் சத்தம் பஸ்ஸிலும் அடுப்படியிலும் எனக்குத் திடீரென்று கேட்கும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம், முந்தின நாள் போட்டிருந்த அதே பச்சை வளையல். நீதான் என்று நம்புவதற்கு எனக்கு வளையலைப் பார்க்க வேண்டியிருந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இசக்கியின் அம்மா கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, பிள்ளையை இடுப்போடு அணைத்தபடி வாசல்நிலையில் நின்றாள். என்னைக் கண்டதும் இசக்கி கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். காலையில் அவளுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை மறைப்பானேன்.

அவள் என் காதுக்குள் வந்து, "நான் வாசிச்சது தப்பாவே இருந்திருந்தா நல்லாருக்கும் டீச்சர்" என்றாள்.

பிறகு அழுதாள். என் மடியில் முகத்தைப் புதைத்து, சத்தமில்லாமல், உடம்பெல்லாம் குலுங்க. அவளைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினேன், தட்ட முடியவில்லை. முதுகில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.