வெனிஸ் நகரம் இரண்டு

இன்று காலை பசுந்தாங்கு கடைத்தெருவில் ஒரு தச்சுக்கடையைத் தாண்டும்போது வார்னிஷ் வாசனை அடித்தது. உன் கடை என்றே நினைத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

போன மழைக்காலத்தில் அரிசி ஆலைத் துரை தன் ஓவியத்தை உன்னிடம் கொண்டுவந்தபோது நானும் இருந்தேன். இத்தாலியில் யாரோ நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வரைந்த வெனிஸ் நகரம். தெருவுக்குப் பதில் தண்ணீர், மாளிகை வாசலில் படகு. ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தது. துடைத்துப் புதுச் சட்டம் போட உனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. "நம்ம ஓடைக்கரை மாதிரியே இருக்குப்பா, வெயில்தான் வேற" என்றாய்.

நீ காய்ச்சலில் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் படத்தைக் கேட்டுப் பல வருஷமாகத் துரையிடம் நடையாய் நடந்த ஆர்மீனிய வியாபாரி வீட்டிலும் அதே வெனிஸ் தொங்குகிறது. நீயே கொடுத்தாயாம். தன்னுடையதுதான் அசல் என்று அவர் சாதிக்கிறார். அசலை அங்கே கொடுத்துவிட்டு நகலைத் தன் தலையில் கட்டிவிட்டாய் என்று துரை உன்னைத் திருடன் என்கிறார்.

போன வாரம் துரை வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்துவைத்து என்னை அழைத்தார்கள். "நீ அவன் சிநேகிதன். அவன் வரைந்தது எது, சொல்" என்றார் துரை.

ஒன்றில் தண்ணீர் சற்றுப் பச்சையாக இருந்தது. இதுதான் நீ வரைந்தது என்று நினைத்தேன். மற்றதைப் பார்த்தால் அதுவும் நீ வரைந்ததாகவே பட்டது. உனக்குப் படம் வரைய வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருபது வருஷம் ஒன்றாகச் சாயா குடித்தவனிடம் ஏன் மறைத்தாய்?

ஆஸ்பத்திரியில் நீ பேசியதும் குழப்பத்தைத்தான் கூட்டுகிறது. "துரை படத்தைத் துரைகிட்டயே குடுத்துட்டேன்" என்றாய். மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திக் குடுத்துட்டேன்ப்பா" என்றாய். எது காய்ச்சல் பேச்சு? அப்போது எதைச் சொல்கிறாய் என்றே புரியாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.

"தெரியவில்லை துரை" என்று அன்று அவர் வீட்டில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் உன் மனைவி நின்றிருந்தாள்.

"அண்ணே, அவரு திருடினாராண்ணே?"

"இல்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்து போனாள். அந்த ஒரு சொல்லை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். உன்னை நம்பிச் சொன்னேனா, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா, எனக்கே விளங்கவில்லை.