பூத்தில் உரக்கப் படித்த எண்

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பதறாமல் படி. கண்ணாடி உடைந்துவிட்டதால், ஞாயிறன்று போன் பூத்தில் தொலைபேசி அட்டையின் ரகசிய எண்ணையும் நம் வீட்டு எண்ணையும் கடைக்காரரை உரக்கப் படிக்கச் சொல்லிப் பொத்தான்களை அழுத்தினேன். இரண்டு பட்டம் வாங்கியவன் செய்கிற காரியமா! வரிசையில் நின்ற எவனோ குறித்துக்கொண்டான். மறுநாள் அட்டையிலிருந்த பணம் காலி.

அது தொலையட்டும். அதே கடையில் பேசிய எங்கள் முகாம் சமையல்காரரின் வீட்டுக்கு நேற்று ஒருவன் போன் செய்து, "அக்கா, உங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு, உடனே பணம் அனுப்புங்க" என்றிருக்கிறான். அந்த அம்மாள் வளையலை விற்று அனுப்பிவிட்டார்.

"நான் இங்க வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன் சார், அங்க என்னைப் பாதி கொன்னுட்டானுங்க" என்றார் சமையல்காரர். சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நம் எண்ணும் அவனிடம் இருக்கிறதே!

பூத்துக்குப் போனால் பின்னால் நிற்பவனின் மூச்சு கழுத்தில் படுகிறது. அதனால்தான் ஊருக்குப் புறப்படும் கொத்தனாரிடம் இதைக் கொடுக்கிறேன்.

எவன் கூப்பிட்டாலும், நம் கல்யாணப் பந்தியில் உன் அண்ணன் என்னை என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டுவரச் சொல். பதிலை எழுதமாட்டேன், உறையைப் பிரிக்கிறவர்களும் உண்டு. உனக்கு மறந்திருக்காது, இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்காட்டுகிறேன். மூச்சு இருக்கும்வரை எனக்கும் மறக்காது.

கண் டாக்டர் எழுதிய என் பழைய கண்ணாடிச் சீட்டை அனுப்பு, இதையும் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன். கூடவே நாலு வரி எழுது.

கொத்தனாரின் வண்டி வந்துவிட்டது. நான் கூப்பிட்டாலும் இதையே கேள், பதில் சரியாக இருந்தால் நான்தான். உடனே போனை வைத்துவிடாதே, கொஞ்சம் பேசு.

உன் கணவன்