பட்டியலில் ஏழாவது பெயர்

நவம்பர் 4, திங்கள்

இன்று மானம் போயிற்று. தலைநகர் பாங்கியிலிருந்து வரும் வெளிநாட்டுக் குழுவை வரவேற்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தேன். வண்டி நின்றதும் டை கட்டிய ஒருவர் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் ஊர் பம்பாரியின் காயத்துக்கு மருந்தாக வந்தவரே" என்று ஆரம்பித்து, கடைசி வரி வரை சொல்லி முடித்தேன். அவர் டிரைவர். குழுவின் தலைவியான உண்மையான மேடம் ரப்பர் செருப்போடு எனக்குப் பின்னால் நின்று கைதட்டினார்.

"யோவ் சில்வெஸ்தர், அந்தாளு கையில வண்டிச் சாவி தொங்குறதக்கூடப் பாக்கலியா?" என்றான் இத்ரிஸ். சமாதானக் குழுவில் ஆற்றின் அக்கரைக்கு அவன், இக்கரைக்கு நான். நாலு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் அவன் என் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் போனதில்லை; என் மகளின் முகமோ பெயரோ அவனுக்குத் தெரியாது. சண்டையில் மூடிய பாலம் திறந்தாயிற்று. சந்தை வரைக்கும் போவோம், அதற்கு மேல் கால் வராது.

மேடம் சொன்னது இதுதான்: நர்ஸ் படிப்புக்குப் பாங்கியில் பன்னிரண்டு இடம், சண்டையில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பெண்களுக்கு. திட்டம் இதோடு முடிகிறது, அடுத்த வருடம் கிடையாது. பட்டியலுக்குப் போன மாதமே எங்கள் சமாதானக் குழுவின் முத்திரை விழுந்துவிட்டது. முத்திரை என்னிடம்தான். கோணாமல் குத்துவேன் என்று எனக்குப் பெயர்.

இத்ரிஸின் தம்பி மகள் ஸெனபு பதின்மூன்றாவதாக நின்றுவிட்டாள். தம்பியும் தம்பி மனைவியும் ஒரே நாளில் போனவர்கள். இத்ரிஸ் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என் மகள் ஹெர்மினுக்கும் பாங்கியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, கன்னியாஸ்திரிகள் வைத்த தேர்வில். அதை அவனிடம் இப்போது சொல்வது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

அந்தப் பன்னிரண்டு பேரை ஊருக்கு அறிவிக்கும் விழாப் பந்தலில் பெரிய பதாகை கட்டவேண்டுமாம். ஏணி என் சைக்கிள் கடையில் இருக்கிறது, அதனால் ஆளும் நானே. மேலே ஏறி, சுருட்டியிருந்ததைப் பிரித்துக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு வெள்ளைத் தொப்பி. பிறகு நெற்றி. பிறகு என் மகள்.

கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அதனால் மூன்று தடவை படித்தேன்: "பெற்றோர் இருவரையும் போரில் இழந்த ஹெர்மின். நாளைய நர்ஸ்."

"பெரியவரே, படம் கோணலா இருக்கு!" என்று கீழிருந்து யாரோ கத்தினார்கள்.

நேராக்கிக் கட்டிவிட்டு இறங்கினேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 8, வெள்ளி

ஹெர்மின் மரவள்ளிக் கீரை இடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். உலக்கையை நிறுத்தவில்லை.

"ஆமா பாபா. கன்னியாஸ்திரி தேர்வெல்லாம் இல்ல. அந்தப் பட்டியல்தான்."

"ஏண்டி?"

"அம்மா மட்டும் செத்திருந்தாப் பத்தாதுன்னு காகிதத்துல போட்டிருந்துச்சு."

அதற்குள் என் தங்கை கிளாரிஸ் வந்துவிட்டாள். "அவளைத் திட்டாத அண்ணே. காப்பாளர்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"சரி. நான் எப்படிச் செத்தேன்?"

"ஆத்தங்கரையில. குண்டு பட்டு."

"எங்க பட்டுது?"

"நெஞ்சுல."

"நல்லவேளை, முதுகுல இல்ல."

கிளாரிஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன் — எனக்கு அது வியாதி. ஹெர்மின் சிரிக்கவில்லை. நான் கேட்டேன்: பட்டியல் என் கைக்குத்தானே வரும், அப்பன் பார்த்துவிடுவானே என்று பயமில்லையா?

"நீங்க படிக்க மாட்டீங்க பாபா. முத்திரை நேரா விழுதான்னுதான் பாப்பீங்க. அது தெரிஞ்சுதான் எழுதினோம்."

பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்து என்னைக் கவனித்து, இந்த இடத்தில் இவன் ஏமாறுவான் என்று என் பிள்ளையே குறி வைத்திருக்கிறாள். குறி தப்பவில்லை.

நவம்பர் 9

சாப்பிடவில்லை. செத்தவனுக்கு எதற்கு?

நவம்பர் 12, செவ்வாய்

பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது: ஹெர்மின். தகப்பன்: இறந்தார். பக்கத்தில் என் முத்திரை. அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

பதின்மூன்றாவது: ஸெனபு. ஏழாவது பெயரை அடித்தால் அவள் பன்னிரண்டாவதாக ஏறுவாள். கணக்குக்கூடப் போட வேண்டாம்.

சொல்லிவிடுவது என்று திட்ட அலுவலகத்துக்குப் போனேன். வெளியே முக்கால் மணி நேரம் பெஞ்சில். உள்ளே கூப்பிட்டு, "என்ன விஷயம் பெரியவரே?" என்றார் எழுத்தர். வாய் திறந்தேன். மை தீர்ந்துவிட்டது, முத்திரைக்கு மை வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். நிறையவே கொடுத்தார்கள்.

ஏண்டா சில்வெஸ்தர், மையா கேட்கப் போனாய்?

நவம்பர் 16, சனி

விழா. குழுக்காரர்களுக்கு முதல் வரிசை. இக்கரையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பந்தல் கூரையைப் பார்த்தார்கள். அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும். என் கடையில் டயர் ஒட்டிக்கொண்டு, அரட்டை அடித்துக்கொண்டு, இத்தனை நாள் செத்தவனிடம் பேசியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு பேர் சார்பாக ஹெர்மின் பேசினாள். நன்றாகப் பேசினாள், அது என் வாய்.

"என் அப்பா யாரோடும் சண்டை போட்டதில்லை. அன்னைக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடி, மாதா கோயில்ல விட்டாரு. அம்மா வரலன்னு தெரிஞ்சதும் திரும்பிப் போனாரு. ரெண்டு பேரும் வரல."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தோளில் தூக்கியது உண்மை. கோயில் உண்மை. திரும்பிப் போனது மட்டும் இல்லை. நான் போகவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பலிபீடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் போனேன், எல்லாம் முடிந்த பிறகு. அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. என் கையை உதறிவிட்டு, "போங்க பாபா, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினாள். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

இன்று பேசிவிட்டாள். ஊர் முன்னால், மைக்கில். அவளுக்கு வேண்டிய அப்பனை அவளே செய்துகொண்டாள், அவனையும் கொன்றுவிட்டாள்.

இத்ரிஸ் துண்டில் முகம் துடைத்தான்.

நவம்பர் 17

கிளாரிஸ் சொல்கிறாள்: "அந்த வெளிநாட்டுக்காரங்க நம்மகிட்ட உண்மையா கேட்டாங்க? கதைதான் கேட்டாங்க." இருக்கலாம். ஆனால் ஸெனபு கதை இல்லையே.

டிசம்பர் 24

ஹெர்மின் மக்காரா பணியாரம் சுட்டு, தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தின்றேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

காலையில் லாரி கிளம்பியது. குழுக்காரர்கள் வரிசையாக நின்று பன்னிரண்டு பேருக்கும் கைகொடுத்தோம். ஏழாவது கை சில்லிட்டிருந்தது. "நன்றி ஐயா," என்றாள். எனக்குக் கேட்கும்படி மட்டும் மெதுவாக, "பாபா," என்றாள்.

இத்ரிஸ் ஒரு போர்வை கொண்டுவந்திருந்தான். ஸெனபுவின் பெட்டியில் கிடந்ததாம், அவளே கொடுத்தனுப்பினாளாம். அதை ஹெர்மின் மடியில் போட்டான். "எங்க பொண்ணுக்காச்சும் நான் ஒருத்தன் இருக்கேன். உனக்கு யாரும்மா இருக்கா? பாங்கியில ராத்திரி குளிரும், போத்திக்க." அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தாள். நிமிரவே இல்லை.

லாரி பாலம் தாண்டும்வரை நின்றோம்.

"இவ அப்பன் உங்க கரைக்காரன்தானே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

"வாயாடி. எல்லாத்துக்கும் சிரிப்பான்."

"உன்னை மாதிரின்னு சொல்லு. கடவுள் அவனுக்கு நல்ல இடம் கொடுக்கட்டும்."

"ஆமென்," என்றேன்.

அவன் இங்கதான் நிக்கிறான், இத்ரிஸ். உன் ஸெனபு உக்கார வேண்டிய இடத்துல அவன் மக உக்காந்து போறா.