மடி தாங்கும் எடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் கை போகிறது. முதல் சொல்லை மட்டும் விட்டுவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அத்தானின் போன் கையிலிருந்து நழுவித் தண்ணீர் வாளிக்குள் விழுந்ததிலிருந்து என் போன்தான் அவருக்குத் துணை. செய்தி படிப்பதும் அதில்தான், சீட்டு விளையாடுவதும் அதில்தான். நீ எதை அனுப்பினாலும் முதலில் அவர்தான் பார்ப்பார். கூப்பிட்டுப் பேசலாம் என்றால் இரண்டு அறை வீடு. கைகால்தான் தளர்ந்திருக்கிறதே தவிர, மனிதருக்குப் பாம்புக் காது. அதனால்தான் நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில், சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

எனக்கு ஒரு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். நீ கம்ப்யூட்டரிலேயே குடியிருப்பவன். எனக்கு அதைத் திறக்கவும் மூடவும் தெரியும், அவ்வளவுதான்.

அத்தானுக்குப் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. தொண்டை கட்டியிருக்கிறது என்று உன்னிடம் போனில் அவர் சொன்னது பொய். நரம்பு டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். காலில் தொடங்கியது கைக்கு வந்தது, இப்போது நாக்குக்கு வந்திருக்கிறது. இனி கூடுமே தவிரக் குறையாது. பேச்சு எப்போது முழுதாக நிற்கும் என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், பஸ் மாறி ஏறி எங்கேயோ போய் இறங்கினேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு பழைய லேப்டாப்பை இரவல் தந்திருக்கிறார். அத்தான் எழுத்தைத் தட்டுவார், அது பேசும். யாரோ ஒருவனுடைய குரல். குரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் வேகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வாரம் நான் சமையலறையில் இருந்தபோது அவருக்குப் புரையேறிவிட்டது. நன்றாக இருமுவதற்குக்கூட வலு இல்லை. என்னைக் கூப்பிடுவதற்கென்று அதில் வைத்திருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்தச் சனியன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பு டப்பாவை எடுக்கத் தற்செயலாகத்தான் நான் வெளியே வந்தேன். முகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. குனிய வைத்து, முதுகில் தட்டி, அவருக்கு மூச்சு வந்து, நானும் தரையில் உட்கார்ந்த பிறகு, அந்தக் குரல் ஆற அமர, "சீக்கிரம் வா" என்றது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிடுவதில்லை.

ஆக, தட்டியதும் பேச வேண்டும். கனமாகவும் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் மாட்டும் தட்டு ஆடுகிறது என்று மடியில்தான் வைத்துக்கொள்கிறார். எவ்வளவு எடை தாங்குவீர்கள் என்று நேரே கேட்டால் ரோஷம் வந்துவிடும். அதனால் சர்க்கரைப் பொட்டலத்தை, கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்லி மடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே இன்னொன்றை வைத்ததும் தொடை விலகி இரண்டும் தரையில் விழுந்து உடைந்தன. மளிகைக் கடையையே என் தலையில் இறக்குகிறாயா என்று குழறிக்கொண்டே கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தபடி சர்க்கரையைக் கூட்டி அள்ளினேன்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் வேலைக்கா, விளையாடவா என்று விற்பவர் கேட்டார். பேசுவதற்கு என்றேன். அப்படியானால் கேமரா நன்றாக இருக்க வேண்டும் என்று வரிசையாக எடுத்து வைத்தார். கையில் இலேசாக இருப்பது விலையில் கனக்கிறது. விலை குறைந்தது ஆமை. வேகமாக ஓடுவதைத் தூக்கினால் என் இடுப்பே பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. எதையும் வாங்காமல் திரும்பி வந்தேன். ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் ஒரே முறைதான். தப்பானதை வாங்கித் தொலைத்துவிட்டு, அது யோசித்து முடிப்பதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்?

சீக்கிரம் எழுது. அத்தானிடம் பேசும்போது, தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதே. அவருக்கு அது வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மெமரி எவ்வளவு, பேட்டரி எத்தனை நேரம் என்று பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி படம் போட்டு எழுதியிருந்தாய். புரிந்தது. இரண்டு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். விரலும் ஓய்ந்துபோனால் கண் அசைவைப் பார்த்து எழுத்தைப் பிடிக்கும் கருவியையும் அதில் மாட்டலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை என்னால் மறுபடி படிக்க முடியவில்லை. நீ நல்லதற்குத்தான் எழுதினாய். இன்னொன்று, கொஞ்சம் பொறுத்தால் புது மாடல் வரும், இதன் விலை இறங்கும் என்றது. விலை இறங்கும்வரை நாக்கு காத்திருக்குமாடா? உன் மேல் நல்ல கோபம் வந்தது. இப்போது இல்லை.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. பேச்சு நன்றாக இருந்த காலத்திலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னபடி அத்தான் ஏகப்பட்ட வாக்கியங்களை வாசித்துப் பதிந்து கொடுத்திருந்தார். அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு குரலைச் செய்துவிடும், பிறகு எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே பேசும். அந்தக் குரல் இப்போதுதான் வந்து சேர்ந்தது. ஆசை ஆசையாக இரவல் லேப்டாப்பில் ஏற்றினோம்.

அத்தான் இத்தனை வருடமாக ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவர். வீட்டிலும் மைக் வைத்துத்தான் பேசுவாரா என்று நீகூடக் கேலி செய்திருக்கிறாய். வீட்டில் அவர் பேச்சே வேறு. சோம்பேறித்தனமாக இழுப்பார், பாதியை முழுங்குவார், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவார். ஆனால் அந்த அம்மா முன்னால் மைக்கை வைத்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பழக்கம். அத்தனை வாக்கியத்தையும் பிளாட்பாரக் குரலில் வாசித்துத் தள்ளியிருக்கிறார். என்ன சுத்தமான உச்சரிப்பு என்று அந்த அம்மா பாராட்டினார். நானும் பெருமையாகப் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இது வீட்டுக்குள் பேசப்போகிற குரல் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று 'வாயாடி' என்று தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வேறு பெயர் ஏது? வண்டி தாமதமாக வருகிறது என்று சொல்வது போல லேப்டாப், "வாயாடி" என்றது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்து, கோபமா என்று தட்டினார். அதுவும் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரியே வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அவர் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நன்றி கெட்டவள் என்று நினைக்காதே. எத்தனையோ பேருக்கு இதுகூடக் கிடைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் குரல் எனக்குத் தினமும் சும்மாவே கிடைக்கிறதடா. வேலைக்கு வரும் வழியில் ரயிலடியைத் தாண்டும்போது, அவர் பதிந்து வைத்த அறிவிப்புகள் இன்னும் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அது ஊருக்குப் பொதுவான குரல். எனக்கென்று இருந்த குரல்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே அவர் பேசுவது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுபடி பதியலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இப்போது பதிந்தால் குழறல்தான் வரும் என்றார். மைக் இல்லாமல் சாதாரணமாகப் பேசிய பழைய பேச்சு துண்டு துண்டாகக் கிடைத்தாலும் போதும், அதிலிருந்து குரல் செய்துவிடலாம் என்றார். ஆனால் அதற்கு நல்ல சக்தி உள்ள லேப்டாப் வேண்டுமாம். கடையில் தூக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேனே, அந்த மாதிரி. அதை வாங்கினால் வீட்டுக் குரல் வரும், ஆனால் மடி தாங்காது. இலேசானதை வாங்கினால் புரையேறும்போது என்னைக் கூப்பிடுவார், ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரிக் கூப்பிடுவார். இரண்டையும் வாங்க வழியில்லை.

நான் என்ன செய்யட்டும்? இந்த முறை விலை இறங்குவதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா


தம்பிக்கு,

உன் பதிலைப் படித்துவிட்டு லென்ஸ் மேசையிலேயே தலை வைத்துப் படுத்துவிட்டேன். கடைக்காரர் தலைவலியா என்று கேட்டார். கனமான வேலையை என் ஆபீஸ் மெஷினில் இங்கேயே முடித்துத் தருகிறேன், நீ இலேசானதை வாங்கு, செய்து முடித்த குரலை அதில் ஏற்றினால் போதும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு இது உறைக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கப் பார்த்துத்தான் இத்தனை நாள் அல்லாடினேன்.

அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன். நீ சொன்ன மெமரி, நீ சொன்ன பேட்டரி. பார்க்க அழகில்லை, மூடியில் ஒரு கீறல் இருந்ததால் விலையையும் குறைத்தார்கள். மடியில் வைத்தால் தொடை அசையவில்லை. பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் பேசுகிறது. இப்போது குளியலறைக் கதவைத் தாழிடுகிறேன்.

நம் கடிதப் போக்குவரத்து அவருக்குத் தெரிந்துவிட்டது. புதியதை மடியில் வைத்ததும் முதலில் தட்டியதே, உன் தம்பி என்ன சொல்கிறான் என்றுதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவ்வப்போது விரலில் மையோடு வருகிறாயே, கண்ணாடிக் கடையில் எதற்கு மை என்றார். பிறகு மெதுவாக இன்னொன்றைத் தட்டினார்.

"வாயாடி, பயப்படாதே."

பிளாட்பாரக் குரலில் பயப்படாதே என்றால் யாருக்குப் பயம் போகும்? ஏதோ விபத்து நடந்துவிட்டது, யாரும் இடத்தை விட்டு நகர வேண்டாம் என்று அறிவிப்பது போல இருந்தது. முன்பைவிட அதிகமாகத்தான் பயந்தேன்.

பேச்சை மட்டும் அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. என்னிடம் எதுவுமே இல்லையடா. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு யார் பேசிப் பதிந்து அனுப்புவார்கள்? என் போனைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். கிளம்பிவிட்டேன், கதவைத் திற என்று தட்டி அனுப்பியதுதான் இருக்கிறது. கல்யாண வீடியோவில் வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது. அவருடைய போனில் இருந்தது வாளித் தண்ணீரோடு போயிற்று.

உனக்குத்தான் அனுப்பிக்கொண்டே இருப்பார். டியூட்டி முடிந்து நடந்து வரும்போது, மாப்பிள்ளை கேளு என்று ஆரம்பித்து, வீட்டு வாசல்வரை என்னைப் பற்றிப் புகார். என் சமையல், என் வாய், நான் வாங்கிய திரைச்சீலையின் நிறம். வாசலில் நின்று பேசி முடித்துவிட்டுத்தான் மணியடிப்பார். உள்ளே இருந்து எனக்குக் கேட்கும், கேட்காதது போல இருப்பேன். இப்போது அந்தப் புகார்கள்தான் எனக்கு வேண்டும். நீ வைத்திருக்கிற பழைய போன்களையெல்லாம் எடுத்துப் பார். கம்ப்யூட்டரில் எங்கேயாவது தானாகச் சேர்ந்திருக்கும் என்பாயே, அங்கேயும் பார். என்னைத் திட்டியிருந்தால் வெட்டிவிடாதே. திட்டும்போதுதான் அவர் குரல் நன்றாக இருக்கும்.

உன்னிடம் இருந்திருந்தால் நீயே எழுதியிருப்பாய் என்று அடிக்கடி தோன்றுகிறது. நீ வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவன், இடத்தை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறவன்.

இன்று காலை அவர் லேப்டாப்பைத் தொடாமல் வாயாலேயே என்னைக் கூப்பிட்டார். பாதிப் பெயர்தான் வந்தது. எனக்குக் கேட்டது. கேட்காதவள் போல நின்று, அந்த மனிதரை இன்னொரு முறை கூப்பிட வைத்தேன்.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் உன்னை வாய் நிறையக் கூப்பிட வேண்டும். தம்பி, ஒருவேளை நீ எல்லாவற்றையும் அழித்திருந்தால், அழித்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுது.

அக்கா