பிரவுசிங் சென்டரில் ஓடிய டைமர்

திருச்சி சிக்னலில் பஸ் நின்றது. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, நண்பா.

உனக்குத்தான் தெரியுமே, டைமர் என்றால் எனக்குப் பைத்தியம். இப்போது அம்மா முட்டை அவிப்பதற்குக்கூட என் மொபைலில் டைமர் வைத்துக் கொடுக்கிறேன். தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் தானாக நிற்கும்படி அப்பாவின் மோட்டாருக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன். கடிகாரம் மணியைச் சொல்லும். டைமர் மிச்சத்தைச் சொல்லும். மிச்சத்தைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது.

பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் நமக்கு நடந்தது அதுதான். பிளஸ் டூ கணக்கில் பெயிலாகி, நீ மறுபடி எழுதிய பரீட்சைக்கு அன்று ரிசல்ட். இதிலும் பெயிலானால் மறுநாளே திருப்பூர், பனியன் கம்பெனி வேலை. உன் ஊர் தா.பழூரில் உன் அப்பா பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டார். ஒரே நாற்காலியில் இருவரும் உட்கார்ந்து உன் நம்பரை அடித்தோம். பக்கம் திறக்கவே இல்லை. திரையின் மூலையில், நாம் காசு கட்டிய நேரத்தின் டைமர் இறங்கியது.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் சேத்து விடுங்கண்ணே."

"பின்னாடி எத்தன பேரு நிக்கறான் பாரு. டைம் முடிஞ்சா அதுவா பூட்டிக்கும்" என்றார் சென்டர் அண்ணன்.

பக்கம் திறந்தது. அடுத்த நொடி திரை பூட்டிக்கொண்டது.

"மார்க்கு என்னடா?" என்றேன்.

"நீ பாக்கலையா?"

"நான் டைமரப் பாத்துட்டு இருந்தேன்டா."

"நானுந்தான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டார். "பக்கம் அப்படியேதான் இருக்கும். மூலையப் பாக்காத, நடுவுல பாரு."

கணக்கில் இருநூறுக்கு எழுபத்து நான்கு. எழுபது எடுத்தால் பாஸ். நீ நம்பவில்லை. விரலைத் திரையில் வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல அந்த எண்ணைத் தடவினாய்.

"எடுடா கைய, நாங்களும் பாக்கணும்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நீ எடுக்கவில்லை.

திருப்பூர்ப் பையைப் பிரித்து, அதையே தூக்கிக்கொண்டு அரியலூர் காலேஜுக்கு வந்தாய். கடைசி பெஞ்சில் என்னை இடித்து உட்கார்ந்தாய். போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அங்கேதான் இருந்தாய். அழுது முடித்தபோதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி மிச்சமிருந்தது: உனக்கு மிச்சமிருந்த அந்த இரண்டு வருஷத்தை நீ பனியன் கம்பெனியில் கழிக்கவில்லை. நீ ஆசைப்பட்ட காலேஜில், என் பக்கத்தில், சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தாய். அது போதும்டா எனக்கு.