சங்கத்து வள்ளம்

ஓகஸ்ட் 4, செவ்வாய்
தென்மேற்குச் சோளகக் காற்று. கண்ணெல்லாம் மண். வீதி வேலை பார்க்கக் கடல் தாண்டிக் காரைநகர் போய்த் திரும்பும்போது, அங்கே துறை மணலில் அவ்வூர்க் கந்தையாவின் மனைவி, பிரசவ வலியோடு. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வர விடியற்காலை முதல் காத்திருந்தவள். ஆள் நிறையாமல் வள்ளம் எடுக்க ஏலாதாம், வள்ள முதலாளி கட்டளை. நான் சத்தம் போட்ட பிறகே எடுத்தார்கள். நடுக்கடலில் பிரசவம். பிள்ளை இறந்து பிறந்தது.

முதலாளி வேறு யாருமல்ல. என் மனைவி நாகம்மாவின் அண்ணன், வேலுப்பிள்ளை.

5, புதன்
வேலுப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். நோயாளிகளையாவது உடனே ஏற்றச் சொன்னேன்.
“மச்சான், உம்மைக் கிராமச் சங்கத்து அக்கிராசனர் ஆக்கினது ஆர்? மறந்திட்டீரோ?”
மறக்கவில்லை. நான் தலைவரானபோது சுருவில் கிராமத்து வாக்கெல்லாம் அவர் சேர்த்துத் தந்தது. தேத்தண்ணீர் குடிக்காமல் எழும்பினேன். சங்கமே வள்ளம் வாங்கி ஓட்டும். முடிவு.
குடைக்கம்பி திருத்த வேண்டும். மாட்டுக்கு வைக்கோல்.

10, திங்கள்
சங்கக் கூட்டம். “வீதி போடுறது சங்கத்தின்ரை வேலை. வள்ளம் ஓட்டுறதுமோ?” என்றார் ஓர் அங்கத்தவர்.
“கடலும் எங்கடை வீதிதான்” என்றேன்.
சரிபாதியாகப் பிரிந்தார்கள். என் வாக்கால் நிறைவேறியது.
வீட்டில் நாகம்மா: “என்ரை அண்ணையைத் தெருவிலை விடப் போறியளோ?” பாதிச் சோற்றில் எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போட்டேன்.

செப்ரெம்பர் 7, திங்கள்
நயினாதீவில் வாங்கிய வள்ளம் எங்கள் ஊர்த் துறையில். வேலுப்பிள்ளை சொல்லி மறித்ததால் வள்ளக்காரர் யாரும் வரவில்லை, செபமாலை என்ற ஒருவனைத் தவிர. “நான் வாறன் ஐயா. ஆனால் தனியத் துடுப்பு வலிக்க ஏலாது.”
வேட்டியை மடித்துக் கட்டினேன். மற்றத் துடுப்பு என் கையில். கரையில் சிரிப்பு. ஏற ஒருவரும் இல்லை. வெட்கம்தான், ஆனாலும் இறங்குவதில்லை என்று இருந்தேன்.
வெயில் ஏறிய பின் நாகம்மா வந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். வெறுங்கை.
“தங்கச்சி, வீட்டை போ” என்றார் கரையில் நின்ற வேலுப்பிள்ளை, எல்லார் முன்னும்.
“கந்தையாவின்ரை பெண்சாதியைப் பாக்கப் போறன், அண்ணை. நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”
சேலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரில் இறங்கி வந்து ஏறினாள். பின்னால் இரண்டு மீன்காரிகள். பிறகு ஒரு கிழவர். வேலுப்பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டார்.

இரு கையும் கொப்புளம். நாகம்மா எண்ணெய் தடவினாள்.
“நாளைக்கும் போறியளோ?”
“ஓம்.”