திரும்ப விடுகிற மீன்

17 ஜூன் 2025, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. நாலு மாடி, இரண்டு பை. நடுவில் இரண்டு தரம் நின்றேன்.

வங்கியில் ஏதாவது செய்யப் போனால் இரகசிய இலக்கம் இன்னும் என் புருஷனுடைய போனுக்குத்தான் வரும். அதனால் அதைச் சார்ஜில் வைத்திருக்கிறேன். இன்று அது அடித்தது. வந்தது இலக்கம் அல்ல.

“வணக்கம் யோகா. வழமைபோல ஜூலை 13 தொடங்கி ஆறு நாளும் உங்களுக்காக வைத்திருக்கிறேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஜிஸ்லேன்.”

ஆக, பெயர் ஜிஸ்லேன்.

அவர் செத்துப்போய் நாலு மாதம். அவளுக்கு அது தெரியாது.

19 ஜூன், வியாழன்

ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிரெஞ்சு எனக்கு ஒருவரும் படிப்பித்துத் தரவில்லை. ஹோட்டலில் அறை துப்புரவாக்கிய இருபத்தாறு வருஷத்தில் கதவில் தொங்கும் அட்டைகளைப் பார்த்து நானே படித்தேன். அப்படிப்பட்டவளை ஒரு மனுஷன் பதினெட்டு வருஷம் மடைச்சியாக்கினார்.

2007இல் தொடங்கினது. அவர் வேலை செய்த ரெஸ்டோரண்டில் ஜூலையில் வக்கான்ஸ், வருஷ விடுமுறை. ஷம்பாஞ் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி, அங்கே மீன் பிடிக்கப் போகிறேன் என்றார். ஆறு நாள். நான் பிரீசரில் ஒரு தட்டு ஒதுக்கி வைத்தேன். புளி கரைத்து வைத்தேன். வந்தார், வெறுங்கையோடு.

கேட்டேன். “பிடிக்கிறதைத் திரும்பத் தண்ணியிலை விட்டிடுவமப்பா” என்றார்.

எங்கள் ஆட்களில் எவன் மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவான்? செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, தலையையும் தா என்று கேட்டு வாங்குகிற சனம் நாங்கள். நான் சிரித்தேன். அடுத்த வருஷமும் வெறுங்கை. மூன்றாம் வருஷம் சிரிக்கவில்லை. காசு கட்டி, ஆறு நாள் நின்று, ஒரு செதிள்கூட இல்லாமல் வருகிறவர் வேறு எதற்குப் போகிறார்?

ஒரு தரம்தான் சொன்னார். அதற்குப் பிறகு தன்னை நியாயப்படுத்தக்கூட அவருக்கு மனமில்லை.

அவர் சாகும்வரைக்கும் ஒன்பது வருஷம் நான் அவரோடு கதைக்கவில்லை. “சாப்பாடு மேசையிலை.” “மருந்து முடிஞ்சுது.” அவ்வளவுதான். செத்தவீட்டில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மகள் சுஜாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் தான் இருக்கிற லெ பிளாங்-மெனிலிலிருந்து சாமான் கொண்டுவந்து கதவடியில் தந்துவிட்டுப் போகிறாள். உள்ளே வந்து இருப்பதில்லை.

22 ஜூன், ஞாயிறு

கஜானியின் தையல் கடைக்குப் போனேன். முந்தி இந்தக் கதையைச் சொன்னது அவளிடமும், கீழ் வீட்டு அந்தோணியம்மாளிடமும்தான். கஜானியிடம் சொன்னால் பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலுக்கே சொன்ன மாதிரி. தெரிந்துதான் சொன்னேன். என் பக்கத்திலும் நாலு பேர் நிற்க வேண்டும் அல்லவா.

அவருடைய போனுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது என்றேன். “பேர் கிடைச்சிட்டுதோ அக்கா?” மெஷினை நிற்பாட்டாமலே கேட்டாள். பிளவுஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் தலையை நிமிர்த்தினார்கள்.

சொன்னேன். சொன்ன பிறகு ஒரு திருப்தி வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

25 ஜூன், புதன்

சுஜாந்தி போன் எடுத்தாள். அப்பாவின் போனுக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது என்று கஜானி கடையில் யாரோ கேட்டு, அது அவள் காதுவரை போயிருக்கிறது. மூன்று நாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஜிஸ்லேனின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அப்பா இறந்துவிட்டார் என்று அறிவித்திருக்கிறாள். அந்தப் பெண் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற கைடாம். படகு அவளுடையது. முதல் நாளை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். குடும்பத்தில் யாரும் வர விரும்பினால் வரலாமாம்.

“நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். கண்ணாலை பாருங்கோ” என்றாள்.

மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

28 ஜூன், சனி

போவேன். ஒரு நாள். அவளுடைய முகத்தைப் பார்க்க.

5 ஜூலை, சனி

வெக்கை. ஒன்றும் எழுத இல்லை.

12 ஜூலை, சனி

இரண்டரை மணித்தியாலக் கார்ப் பயணம். சுஜாந்தி ரேடியோவும் போடவில்லை. வழியில் ஒரே தரம் வாயைத் திறந்தாள்.

“அப்பா பொய் சொல்லேல்லை எண்டு தெரிஞ்சால் என்ன செய்வியள், அம்மா?”

“அப்ப பாப்பம்.”

“இல்லை. இப்ப சொல்லுங்கோ.”

நான் வெளியே பார்த்தேன். சோளம், சோளம், ஒரு தண்ணீர்த் தாங்கி, திரும்பவும் சோளம். அவள் கேட்டது நியாயம். என்ன செய்வேன்? அவர் பொய் சொன்னார் என்ற ஒன்றில் நான் ஒன்பது வருஷம் நின்றேன். அதை எடுத்துவிட்டால் எதில் நிற்பது?

ஜிஸ்லேனின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை தந்தார்கள். அவர் வழமையாகப் படுக்கும் அறையாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஒற்றைக் கட்டில். சுஜாந்திக்குக் கீழே மடக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

ஜிஸ்லேனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கழுத்து வெயிலில் கருகின சிவப்பு. புருஷன் வின்சன்ற்தான் சமைக்கிறவர். யோகா எங்கள் மேசையில் இந்தக் கதிரையில்தான் இருந்து சாப்பிடுவார், உறைப்புக் காணாது, இன்னும் போடுங்கள் என்பார் என்று வின்சன்ற் சொன்னார். அது உண்மை. எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்லுவார்.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். முகம். வேறொன்றும் தெரியவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

விடிய ஐந்தரைக்குப் படகு. கோடையில் வெயில் ஏற முதல்தான் இந்த மீன் கரைக்கு வருமாம். சுஜாந்திக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, கரையில் நின்றாள். எனக்கு ஒரு நாளுக்கு மீன் பிடிக்கிற அனுமதி அட்டை எடுத்து, மிதக்கும் மேலங்கியும் பூட்டிவிட்டார்கள். மறுகரை கண்ணுக்குத் தெரியாத ஏரி. ஒரு மூலையில் செத்த மரங்கள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன. அங்கே கொண்டுபோய் மோட்டாரை நிற்பாட்டினாள்.

பிளாக்-பாஸ் என்று பெயர். மர வேருக்குள் ஒளிந்திருந்து பாயுமாம். றப்பர்ப் புழுவைத் தூண்டிலில் குத்தி, மரத்தடியில் போட்டு, மெல்ல மெல்ல இழுக்கச் சொன்னாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு ஒரு மீன் வேண்டும், பாரிஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

இல்லை மதாம், இந்த மீனை இங்கே எல்லாரும் திரும்ப விட வேண்டும், ஏரியின் சட்டம் அது என்றாள்.

அவர் சொன்ன அதே கதை. இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு தூண்டிலை எறிந்தேன், இழுத்தேன், எறிந்தேன்.

ஏழு மணி இருக்கும். ஒரு நூறு மீட்டர் தள்ளி இன்னொரு படகு. இரண்டு கிழவர்கள். ஒருவர் ஒரு மீனை இழுத்தெடுத்தார். நல்ல பெரியது. பச்சை முதுகு, பக்கத்தில் கறுப்புக் கோடு, கொடுவாய் மீன் மாதிரி வாய். தலையைச் சொதிக்கு வைத்தால் மிச்சம் நாலு துண்டு வரும். மற்றவர் அதற்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்தார். பிறகு குனிந்து தண்ணீருக்குள் விட்டார். இருவரும் கோப்பி குடித்தார்கள்.

அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்காக நடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு நான் தூண்டிலைப் பார்க்கவில்லை. மற்றப் படகுகளையே பார்த்தேன். எண்ணினேன். ஐந்து மீன். ஐந்தும் திரும்பப் போயின.

எட்டரைக்கு என் தூண்டில் வளைந்தது. ஜிஸ்லேன் உதவி செய்ய வரவில்லை, இழுங்கள் இழுங்கள் என்று மட்டும் சொன்னாள். முப்பத்தினாலு சென்ரிமீட்டர். கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், காய்ந்த கை பட்டால் மீனின் தோல் போய்விடும் என்றாள். பெருவிரலை அதன் வாய்க்குள் விட்டு, கீழ்த் தாடையைப் பிடித்துத் தூக்க வேண்டும். பல் இல்லை. ஆனால் வாய்க்குள் முழுக்க அரத்தாள் போல. அது ஒரு தரம் உதறியது. என் பெருவிரல் தோல் உரிந்தது.

அந்தப் பெருவிரலை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஜூலையும் அவர் வலது பெருவிரல் உரிந்தபடிதான் வருவார். ஒரு கிழமைக்குச் சோற்றைப் பிசைய ஏலாமல் கரண்டியால் சாப்பிடுவார். நான் கேட்டதில்லை. பதினெட்டு வருஷம் அந்த விரல் என் மேசையில், என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

“விடுங்கள், மதாம். அது மூச்சுக்குத் தவிக்கிறது.”

விட்டேன். போனது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன் — வரவில்லை.

திரும்பி வரும்போது ஜிஸ்லேன் கேட்டாள்: ஒரு கோடை, மீன் விடுவதை வீடியோ எடுக்கச் சொன்னாரே, வீட்டில் காட்டத்தான் என்றாரே, காட்டினாரா?

காட்டினார் என்றேன்.

14 ஜூலை, திங்கள்

பிரெஞ்சுத் தேசிய நாள். கடைகள் பூட்டு. தெருவில் கொடிகள். பெருவிரல் எரிகிறது.

16 ஜூலை, புதன்

அவர் ஒரு தரம்தான் சொன்னார் என்று முன்னுக்கு எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. வெட்ட மாட்டேன், எழுதினது எழுதினதாகவே கிடக்கட்டும்.

இரண்டாம் தரமும் இருக்கிறது. எந்த வருஷம் என்று நினைவில்லை. நான் குசினியில் அரிசி களைந்துகொண்டு நின்றேன். போனை நீட்டிக்கொண்டு வந்தார். “இஞ்சை ஒருக்காப் பாருமன்” என்றார். நான் பைப்பை இன்னும் கூடத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் நின்றார். பிறகு போய்விட்டார்.

‘பார்’ என்று அல்ல, நீர் போட்டுப் ‘பாரும்’ என்றார், மரியாதையாக. என்னை எப்போதும் அப்படித்தான்.

இன்று போன் முழுக்கத் தேடினேன். அந்தப் போனை 2019இல் மாற்றினாராம், பழையது எங்கே என்று சுஜாந்திக்குத் தெரியாது. இதில் வீடியோ இல்லை.

மூன்றாம் தரமும் அவர் சொல்லிப் பார்த்திருக்கலாம்தானே. அதை நான் விடமாட்டேன். மூன்றாம் தரம் சொல்லியிருக்கலாம்.

18 ஜூலை, வெள்ளி

நான் காரில் பதில் சொல்லாததற்கு இன்று பதில் சொன்னேன். சுஜாந்திக்குப் போன் எடுத்து, நான் யார் யாருக்குச் சொன்னேனோ அவர்களிடம் போய்ப் பிழை என்று சொல்லப் போகிறேன் என்றேன். “ஓம்” என்றாள். அவ்வளவுதான்.

19 ஜூலை, சனி

அந்தோணியம்மாளிடம் போனேன். பாண்டிச்சேரிக்காரி, பிள்ளைகள் இருவரும் நகரசபையில் வேலை. கேக் வெட்டித் தந்தாள். ஏரி, படகு, மற்றப் படகுக்காரர், எல்லாம் சொன்னேன்.

“நான் அப்பவே நெனச்சேன்க்கா, யோகண்ணன் அந்த மாதிரி ஆளு கெடையாதுன்னு.”

“அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“நீங்க எங்க கேக்குற ஆளு?”

கேக்கைத் தின்று முடித்துவிட்டு வந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

கஜானியின் கடை. நாலு பெண்கள் இருந்தார்கள், நல்லது என்று நினைத்தேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அங்கே பெண் தொடர்பு என்று ஒன்றும் இல்லை, அவள் கைடு, புருஷனோடு இருக்கிறவள், இவர் மீன்தான் பிடித்தார், பிடித்ததை விட்டார், அங்கே எல்லாரும் விடுகிறார்கள், நானும் ஒன்றை விட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. கஜானி என் கையைப் பிடித்தாள்.

“விளங்குதக்கா. போனவரைப் பற்றி இனி ஏன் கதைப்பான். நீங்கள் பெருந்தன்மையாய்ச் சொல்லுறியள்.”

இல்லை, உண்மையாகத்தான் என்றேன். “ஓம் ஓம்” என்றாள், பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி. ஒருத்தி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். எல்லா முகத்திலும் இரக்கம். பெருவிரலைக் காட்டினேன். அது ஆறிவிட்டது. ஒன்றுமில்லை அதில்.

வந்து கதவைச் சாத்திவிட்டுச் சப்பாத்தோடு கட்டிலில் இருந்தேன். உண்மையைச் சொல்லி, அதை ஒருவரும் நம்பாமல் வீட்டுக்கு வந்து இருப்பது இப்படித்தான் இருக்கும். அவர் அந்த முன்னறையில்தான் இருப்பார். டிவியைப் போடாமல்.

23 ஜூலை, புதன்

சமைக்கவில்லை. பாணும் பட்டரும்.

24 ஜூலை, வியாழன்

திரும்பவும் கஜானியிடம் போனேன். அதையே சொன்னேன். பிளவுஸ் ஏதும் தைக்க இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். இல்லை, சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

26 ஜூலை, சனி

போனேன். சனிக்கிழமை, கடை நிறையச் சனம். “அக்கா, வேலை கிடக்கு” என்றாள் கஜானி. செய் என்றேன். தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

27 ஜூலை, ஞாயிறு

காலையில் சுஜாந்தி வந்தாள். சாமானைக் கதவடியில் வைக்கவில்லை, உள்ளே கொண்டுவந்து குசினியில் வைத்தாள். நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

“கஜானியிட்டை.”

“நாலாந்தரமோ?”

“ஓம்.”

“அவள் நம்பமாட்டாள், அம்மா.”

“அது அவளின்ரை விஷயம்.”

சுஜாந்தி காரைத் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். கடைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் படகிலிருந்து தொடங்கினேன். செத்த மரங்கள் வரைக்கும் வந்தபோது கஜானி மெஷினை நிற்பாட்டினாள்.